படுத்துப் பந்து பிடிப்பவன்

ரக்பி மைதானத்தில் சன்னமாகத் தூறுகிறது. எதிரணி ஒரு புள்ளி முன்னால் இருக்கிறது. கடைசி நிமிடம், இந்த உதை கோல் கம்பங்களின் குறுக்குக் கட்டைக்கு மேலே போனால் ஆட்டம் நிலக்கரிச் சுரங்கத்துக்காரர்களின் அணிக்கு. எட்டு வருடமாக அவர்களுக்கு உதைத்தவன் எம்லின். வேல்ஸுக்காக ஆறு முறை ஆடியவன், போன ஜூலையில் பிரான்சுப் போர்முனையில் குண்டடிபட்டுச் செத்தான். அத்தனை வருடமும் சேற்றில் குப்புறப் படுத்து அவன் உதைக்கப் பந்தை நிறுத்திப் பிடித்துக் கொடுத்தவன் கெத்தின். இன்று அவன் பந்தை அணித்தோழன் இட்ரிஸின் கையில் திணிக்கிறான். "நீ படு. நான் உதைக்கிறேன்." "நீயா? ஒரு தடவையாவது உதைச்சிருக்கியாடா?" "படுடா." வேலியோரம் ஒருவன் கத்துகிறான்: "படுத்தே கெடந்தவன் எந்திரிச்சுட்டான்டோய்!" கெத்தின் திரும்பவில்லை. எம்லின் ஓடி வருவதை அவன் கண்ணால் பார்த்ததேயில்லை. தரையோடு கிடந்த காதில் கேட்டிருக்கிறான்: ஏழு காலடி, கடைசி மட்டும் கனமாக. அந்த ஏழை எண்ணிப் பின்னால் நடக்கிறான். நிலக்கரி ஏறிய நகங்களால் முகத்து மழையை வழித்துவிடுகிறான். இட்ரிஸ் பந்தின் தையலைக் கம்பத்துக்கு நேராகத் திருப்பி மண்ணில் ஊன்றுகிறான். ஊன்றியதும் எதிரணி பாய்ந்து வருகிறது. ஏழாவது காலடி கனமாக விழுகிறது. நீட்டிய கைகளுக்கு மேலே, மலைச்சரிவின் சாம்பல் வெளிச்சத்தில், பந்து மெல்லச் சுழன்று போகிறது.

"மேல போச்சா?" என்கிறான் இட்ரிஸ், சேற்றிலிருந்து முகத்தை எடுக்காமல். எட்டு வருடமும் கெத்தின் கேட்ட கேள்வி. எம்லின் அதற்கு ஒரே பதில்தான் வைத்திருந்தான். கம்பத்தடியில் கோல் என்று நடுவர்களின் இரண்டு கொடிகளும் உயர்வதைப் பார்த்தபடி கெத்தின் அதையே சொல்கிறான். "எந்திரிச்சு நீயே பாரு."