முன்னால் என்ன நடந்தது?

"முடிவை முதல்ல காட்டிட்டு, ஆரம்பத்தைக் கடைசியில காட்டுவானாம். நான் என்ன தலைகீழா நின்னா படம் பார்க்கணும்?"

இடைவேளை விட்டதிலிருந்து அக்கா இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். முதலில் தன் கைப்பையிடம் சொல்வது போல. அப்புறம் காபி ஊற்றிக் கொடுத்தவரிடம். இப்போது நேராகத் தம்பியின் முகத்தைப் பார்த்தே.

தம்பிதான் டைரக்டர். முதல் படம். அதை வாங்குவதாகச் சொன்ன விநியோகஸ்தருக்காக, வேண்டியவர்களையும் கூப்பிட்டு, இந்தச் சின்னத் தியேட்டரில் போட்டுக் காட்டுகிறான். அவர் தலையசைத்தால் படம் வெளியே வரும். இல்லையென்றால் பெட்டிக்குள்ளேயே தூங்கும்.

படமோ பின்னாலிருந்து முன்னால் போகிறது. முதல் காட்சியில் ஒருவன் லிஃப்ட் மெக்கானிக்கிடம் பளாரென்று அறை வாங்குகிறான். வாங்கியவன் நன்றி சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடக்கிறான். எதற்கு அறை, எதற்கு நன்றி? அடுத்த காட்சி, அதற்கு முன்னால் நடந்தது. அதற்கடுத்தது, அதற்கும் முன்னால்.

"யாரு, எதுக்கு, எப்போன்னு கேட்டே எனக்கு வாய் வலிக்குது. இதைக் கத்துக்கத்தான் காலேஜுக்குப் போனியா?"

"ரெண்டாம் பாதியையும் பாரேன்க்கா."

அக்கா விடுவாளா? வீட்டில் இருக்கிற கேள்வித் தொல்லை போதாதென்றுதான் இங்கேயும் வந்தேனா என்று ஆரம்பித்தாள். அப்பாவுக்கு மறதி முற்றிவிட்டது. டி.வி.யில் சீரியல் ஓடினால் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை, இவன் யார், அவள் ஏன் அழுகிறாள் என்று கேட்பார். பதில் சொல்லியே இவள் தொண்டை தேய்கிறது. டி.வி.யை அணைத்தால்தான் நிம்மதி. தம்பியோ வாரத்துக்கு ஒரு நாள் விருந்தாளி மாதிரி வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகிறவன். இன்றைக்கும் அவரை விட்டுவிட்டு வர ஆளில்லாமல் இவள்தான் கூட்டி வந்திருக்கிறாள். அத்தனையையும் அங்கேயே கொட்டித் தீர்த்தாள்.

விநியோகஸ்தர் காதில் எல்லாம் தேனாக விழுந்தது.

"இந்த அம்மா சொல்றதுதான் ஜனங்க சொல்லப்போறது," என்றார் அக்காவைக் காட்டி. காட்சிகளை நேர்வரிசையில் அடுக்கிக் கொடுத்தால் இன்றைக்கே கையெழுத்து. முடிவை அம்மாவே சொல்லட்டும், படம் முடிந்ததும் கேட்கிறேன் என்றார்.

அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. தம்பிக்கு முகம் செத்துப்போனது.

விளக்கு அணைந்தது.

இரண்டாம் பாதியில் தியேட்டர் முழுக்க முணுமுணுப்பு. இந்தப் பெண் யார், இவன் ஏன் ஒளிகிறான்? விநியோகஸ்தரே தன் மேனேஜரின் விலாவில் இடித்து இடித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். யாரிடமும் பதில் இல்லை. ஆனால் ஒருவரும் எழுந்து போகவும் இல்லை. எல்லோரும் சீட் நுனிக்கு வந்துவிட்டார்கள்.

அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தன்னையறியாமல் அப்பாவின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"அப்பா, இவன் எதுக்குப் பெட்டியைத் தூக்கிட்டு ஓடறான்?"

"எனக்கும் தெரியலம்மா." அப்பா அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். "பயப்படாதே. கொஞ்சம் பொறு. யாராவது கோபப்படாம சொல்வாங்க."

அக்கா திரையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். படம் ஆரம்பித்ததிலிருந்து அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கடைசிக் காட்சி. கதைக்கு அதுதான் ஆரம்பம். விடிகாலை. அவன் வீட்டுச் சாவியைக் கழற்றி, தூங்குகிற மனைவியின் தலைமாட்டில் வைத்துவிட்டு, பெட்டியோடு பூனை மாதிரி வெளியேறுகிறான். குடும்பத்தை உதறிவிட்டு ஓடுகிறவன். அதற்குத்தான் அந்த அறை; அதில் புத்தி வந்ததற்குத்தான் அந்த நன்றி. சாயங்காலத்துக்குள் திரும்பி வந்துவிடுவான் என்று தியேட்டருக்கே தெரியும். அவனுக்கு மட்டும் தெரியாது.

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. விநியோகஸ்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் கைக்குட்டையை மடிப்பதற்குள் வியாபாரி ஆகிவிட்டார்.

"பிரமாதம். இதையே நேரா சொன்னா என்ன குறைஞ்சுடும்?"

தம்பி குனிந்த தலை நிமிரவில்லை.

"நேரா சொன்னா எல்லாருக்கும் புரியும் சார். எங்கப்பாவுக்கு மட்டும் புரியாது."

விநியோகஸ்தருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்காவிடம் திரும்பினார்.

"ஒரு காட்சியையும் நகர்த்தாதீங்க," என்றாள் அக்கா.

"உங்களுக்குத்தான் ஒண்ணுமே புரியலையேம்மா?"

"புரியல. அதனாலதான் சொல்றேன். ரெண்டு மணி நேரம் எல்லாரும் எங்கப்பா மாதிரி புரியாம உட்காரட்டும்."

அவர் அவளைப் பார்த்தார். இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார். சிரித்துவிட்டு, மேனேஜரிடம் பேனாவுக்குக் கை நீட்டினார்.

தம்பி அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தான். அவள் மெல்ல விடுவித்துக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, எங்கிட்ட ஏதாவது கேளுங்கப்பா."

அவர் திரும்பவில்லை.

"எத்தனை தடவை வேணும்னாலும் கேளுங்கப்பா."