மாமன் சொன்ன சங்கு

காலிச் சங்குகளில் குடியிருக்கும் நண்டுக் குலத்தில் செங்காலன் என்றோர் இளைஞன் இருந்தான். "பெரிய சங்கொன்று பார்த்து வைத்திருக்கிறேன், மருமகனே. நான் குடிபோனதும் என் பழைய சங்கு உனக்குத்தான்" என்று தாய்மாமன் பாறையன் அவனுக்கு வாக்களித்தான். மாமன் குடிபோன அன்றே செங்காலன், சங்குடைந்து தவித்த அண்டை வீட்டுக்காரிக்குத் தன் சிறு சங்கைக் கொடுத்துவிட்டு, வெற்று முதுகோடு வந்து நின்றான்.

"அவசரக்குடுக்கை! பேச்சுக்குச் சொன்னதையெல்லாம் பிடித்துக்கொள்வாயா? இரண்டும் எனக்கு வேண்டும்" என்றான் மாமன்.

மேலே பருந்து வட்டமிட்டது. செங்காலன் ஓடிப்போய், அந்தக் கடற்கரையில் வழக்குத் தீர்க்கும் கிழ ஆமையிடம் முறையிட்டான்.

"எழுத்து உண்டா, சாட்சி உண்டா? கேளுங்கள் ஐயா!" என்று எகிறினான் பாறையன்.

எவ்வளவு கூச்சலிலும் நிதானம் இழக்காத அந்தப் பெருந்தகை, எழுத்தைப் பற்றிக் கேட்கவேயில்லை.

"இவன் தன் சங்கைக் கொடுத்தபோது நீ எங்கிருந்தாய், பாறையா?"

"பக்கத்தில்தான்."

"எதை நம்பிக் கொடுக்கிறான் என்று தெரியுமா?"

"தெரியும்."

"வேண்டாமடா என்று தடுத்தாயா?"

மாமனின் கொடுக்குகள் தாழ்ந்தன.

"அப்படியானால் அந்தக் கணமே அது அவன் வீடாகிவிட்டது. நீ அவன் வாசலை மறித்து நிற்கிறாய், விலகு" என்றது ஆமை.

பருந்தின் நிழல் மணலில் இறங்கியது. பாறையன் வெறுமனே விலகி நிற்கவில்லை. ஓடோடிச் சென்று பழைய சங்கைத் தானே உருட்டிவந்து, "முதலில் உள்ளே போடா, மருமகனே. என்னை ஏசுவதை அப்புறம் வைத்துக்கொள்" என்றான்.