கொழும்புக் கணிப்பு

“வட்டி குறைஞ்சா பங்கு ஏறும் எண்டானுகள், குறைஞ்சிச்சி. டொலர் அடங்கினா ஏறும் எண்டானுகள், அதுவும் அடங்கிச்சி. வெள்ளாமையும் நல்ல விளைச்சல். மறுகா என்னத்துக்கு மச்சான் நம்மட பங்கு மட்டும் இறங்கிக்கிட்டே போகுது?”

கைப்பேசியை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு கேட்டார் ஆதம்பாவா. கல்முனைப் பிரதான வீதியில் மின்சாதனக் கடை வைத்திருப்பவர்.

கூட நின்று கடையைப் பார்க்கும் அவர் மனைவியின் தம்பி சரீப், பில் எழுதுவதை நிறுத்தாமல் பதில் சொன்னான்.

“என்னயக் கேட்டா? நான் விக்கிறது மிக்ஸி. பட்டன அழுத்தினாச் சுத்தும். ஒங்கட கொழும்புச் சந்தைக்கு எங்க பட்டன் இரிக்கெண்டு ஆருக்குத் தெரியும்?”

ஆதம்பாவா பங்கு வாங்கியிருந்தது, அவர் கடையில் விற்கும் குளிர்சாதனப் பெட்டிகளைச் செய்கிற அதே கம்பனியில். ஒரே சாமானில் இரண்டு கையாலும் சம்பாதிக்கலாம் என்பது அவர் கணக்கு. போட்ட பணம் மகள் சிபானாவின் வீட்டுக்கானது. இந்தக் கிழக்குக் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். வீடு இல்லையென்றால் மாப்பிள்ளையும் இல்லை. மேல்மாடியோடு தருவதாகச் சம்பந்தியிடம் வாக்குக் கொடுத்தாயிற்று. அந்த மேல்மாடி இப்போது பங்குச் சந்தையில் கிடந்தது.

கடையில் நிற்க இடமில்லை. நெல் விற்ற கையோடு வரிப்பத்தான்சேனையிலிருந்து வந்த ஒரு குடும்பம், வாசலில் நின்ற லேண்ட்மாஸ்டர் உழவு வண்டியில் குளிர்சாதனப் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தது.

“காக்கா, நல்ல யாவாரம் போல. இந்த ரைஸ் குக்கர கொஞ்சம் பாத்துப் போட்டுத் தாங்களன்” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார் ஒருவர்.

“எங்க தம்பி? ஆறேழு மாசமா செத்துக் கிடக்கு. இண்டைக்கு நீங்கதான் போணி.”

பின்னால் காத்து நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஆதம்பாவா சிரிக்கவில்லை. அது அவருடைய தொழில் ஒழுக்கம். நல்லாயிருக்கு என்று வாய் தவறிச் சொன்னால் வாங்க வந்தவன் விலையைக் குறைப்பான், சம்பந்தி சீதனத்தைக் கூட்டுவான். எதிர்க்கடைக்காரனின் கண்ணூறு வேறு.

கைப்பேசி அடித்தது. அனுசன். கல்முனைப் பிள்ளை. அவருக்குப் பங்கு வாங்கி விற்றுத் தரும் கொழும்பு நிறுவனத்தில் வேலை. எத்தனை வேலை இருந்தாலும் காலையில் அவரைக் கூப்பிடாமல் இருக்கமாட்டான். அவ்வளவு மரியாதை.

“காக்கா, சுகமா? மகள்ட கலியாண வேலையெல்லாம் நடக்குதா? யாவாரம் எப்பிடி?”

“அல்ஹம்துலில்லாஹ், சுகம் தம்பி. யாவாரத்த மட்டும் கேக்காத. ஈயோட்டுறம். அத உடு, நம்மட பங்கு என்ன மாதிரி?”

“அதுக்குத்தான் எடுத்தன் காக்கா. எங்கட ஆராய்ச்சிப் பிரிவு அறிக்கை விட்டிருக்கு. அந்தக் கம்பனிச் சாமான் வெளியூர்ல ஓடுறதில்லையாம். சனத்துட்ட காசில்லையாம். பெரிய ஆக்களெல்லாம் வித்துட்டு வெளிக்கிடுறாங்க. யோசிச்சுச் சொல்லுங்க.”

ஆதம்பாவா கைப்பேசியைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். லேண்ட்மாஸ்டர் புகை கக்கிக்கொண்டு புறப்பட்டது.

“மச்சான், சனத்துட்ட சல்லியில்லையாம்.”

“அப்ப இவ்வளவு நேரமும் நான் எண்ணினது என்ன, வாழை இலையா?” என்றான் சரீப். “கண்ணால பாருங்க மச்சான். அந்தக் கம்பனிப் பெட்டி கடையில ஒண்டு மிச்சமில்ல.”

“ஒரு கடைய வச்சி நாட்ட அளக்கலாமா? அவனுகள் படிச்சவனுகள். ஊரூரா விசாரிச்சித்தான் எழுதுவானுகள்.”

“நாட்டுல சல்லியில்லாட்டி நம்மட கடையில மட்டும் எப்பிடி இவ்வளவு சனம்?”

ஆதம்பாவா சாமான் வாங்கக் காத்து நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

“அதுதான் எனக்கும் விளங்குதில்ல. இவனுகள் இன்னும் அறிக்கைய வாசிக்கல்ல போல.”

நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது பங்கு இன்னும் இறங்கியிருந்தது. சரீப் தடுக்கத் தடுக்க, அனுசனை அழைத்து எல்லாவற்றையும் விற்கச் சொன்னார். பிறகு வீடு கட்டும் மேசன் பாஸுக்கு அழைத்தார்.

“மேல்மாடி இல்ல பாஸ். கூரைக்கு ஓடு போட்டு முடிச்சிடுங்க.”

சம்பந்தியிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது அனுசன் மறுபடி அழைத்தான்.

“வித்தாச்சு காக்கா. நட்டம்தான், கவலைப்படாதீங்க.”

“போனது போகட்டும் தம்பி. எனக்கு ஒரு விசயம் மட்டும் சொல்லு. எந்த ஊருல சாமான் ஓடுறல்லையாம்? இஞ்ச கேக்கிற சனத்துக்குக் குடுக்கப் பெட்டியில்ல. அங்க தேங்கிக் கிடக்கிறத நான் மலிவா வாங்கி வித்துப்போடுவன்.”



“காக்கா, அறிக்கை நம்மட கிழக்குக் கரையப் பத்தித்தான்.”

“நம்மட பக்கமா? எந்தப் பொய்யன் தம்பி ஒங்களுக்கு அப்பிடிச் சொன்ன?”

“என்ன காக்கா பகிடி விடுறீங்க? நான் ஒவ்வொரு நாளும் காலையில எடுத்து ‘யாவாரம் எப்பிடி’ எண்டு கேட்டது, சும்மா சுகம் விசாரிக்க எண்டா நினைச்சீங்க?”