நர்ஸம்மாவுக்குப் பொன்னாடை

"மனுசங்களாய்யா நீங்க? ஊசி போட வர்ற பொண்ணைக் காட்டுக் குடிசையில போட்டு வெச்சிருக்கீங்களே!"

பாதையின் குறுக்கே வெட்டிப் போட்டிருந்த முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினார் பஞ்சாட்சரம். மலைக்குக் கீழே சந்தவாசலில் உரக்கடை வைத்திருப்பவர். கொரோனா வந்த பிறகு 'முன்களப் பணியாளர் பாராட்டுக் குழு' என்று ஒன்றை ஆரம்பித்து, அதற்குத் தலைவரும் ஆகிவிட்டார். கையில் பொன்னாடை. பக்கத்தில் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி யூடியூப் சேனல் நடத்தும் கோகுல்ராஜ்.

முள்ளுக்கு இந்தப் பக்கம் ஊர்க் கவுண்டர் தீர்த்தகிரி.

நோய்க் காலத்தில் ஊரை அடைப்பது ஜவ்வாது மலையிலிருக்கும் அந்த ஊரின் பழைய வழக்கம். வெளியிலிருந்து யார் வந்தாலும், பெற்ற பிள்ளையே ஆனாலும், சாமைக் கொல்லைக் காவல் குடிசையில்தான் தங்க வேண்டும். வீட்டுக்கு ஒரு நாள் முறை வைத்து அங்கே சாப்பாடு போய்விடும்.

கிராம நர்ஸ் சிவசங்கரி கீழே இருந்து தினமும் ஸ்கூட்டியில் வந்து போய்க்கொண்டிருந்தவள். ஒரு நாள் துணிப்பெட்டியோடு வந்து, "கொல்லைக் குடிசையில நான் தங்கிக்கலாங்களா கவுண்டரே?" என்று கேட்டாள். அவள் சொன்ன காரணத்துக்கு மேல் யாரும் துருவவில்லை. ஊரே சேர்ந்து கூரையை மாற்றிக் கொடுத்தது.

அவள் அங்கே தங்கியிருப்பதை யாரோ எட்ட நின்று வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். அதில் குடிசை தெரிந்தது, முள் தெரிந்தது. நர்ஸின் முகமும் தெரியவில்லை, களிச்சட்டியோடு போன பெண்களும் தெரியவில்லை.

"அந்தப் பொண்ணேதாங்க கேட்டுச்சு. காய்ச்சக்காரங்களைத் தொட்டுட்டு வர்றேன், ஊருக்குள்ள வாணாம்னு..." என்று ஆரம்பித்தார் தீர்த்தகிரி.

"கோகுல், இந்தாளு பேசறதை எடுக்காத!" என்றார் பஞ்சாட்சரம். "இன்னாய்யா கதை சொல்ற? போளூர் தாலுகா ஆபீஸ்ல மனு குடுத்தா உம்மேல கேஸ் ஆய்டும், தெரியுமா? எங்க ஊர்ல நர்ஸுன்னா சாமி! மாடியில ஏறி நின்னு கை தட்டுனோம். நான் தட்டுன தட்டுல எவர்சில்வர் தட்டே நசுங்கிப் போச்சு."

கேஸ் வந்தால் வரட்டும், தீர்த்தகிரிக்குப் பயம் அதில்லை. அவர் மகள் நதியாவுக்கு நிறைமாசம். மழை பிடித்தால் ஆம்புலன்ஸ் ஏறாத பாதை. நர்ஸம்மா இருக்கிற தைரியத்தில்தான் அவர் நிம்மதியாகத் தூங்குகிறார். இந்த மனுசனோ அவளை அழைத்துப்போகக் காரே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். குடிசையில் கிடக்கிற பெண் எப்படி வேண்டாமென்று சொல்வாள்?

சத்தம் கேட்டுச் சிவசங்கரியே வந்துவிட்டாள். ரெட்டை மாஸ்க், முகத்துக்கு முன்னால் கண்ணாடித் தகடு, தோளில் மருந்துப் பெட்டி.

"வாம்மா தங்கச்சி!" என்று உருகியபடியே பஞ்சாட்சரம் நாலடி பின்னால் போனார். பொன்னாடையை முள்ளுக்கு மேலே தீர்த்தகிரியிடம் வீசினார். "யோவ், நீ போத்தி வுடு. கோகுல், நானே போத்தற மாதிரி எடு!"

தீர்த்தகிரி போர்த்திவிட்டார். பஞ்சாட்சரம் எட்ட நின்றே கும்பிட்டார்.

"துணிமணியை எடுத்துக்கம்மா. இனிமே இந்தக் காட்டு சனத்தோட நீ கஷ்டப்பட வாணாம். எங்க ஊர்ல எந்த வூட்டுக் கதவைத் தட்டுனாலும் உனக்குத் தொறக்கும்!"

தீர்த்தகிரிக்கு நதியாவின் நினைப்பு வந்தது. இருந்தாலும் அந்தப் பெண்ணின் சௌகரியத்தைக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

"போறதுன்னா போம்மா. எங்களை நெனைச்சுக் கஷ்டப்படாத. எங்க இருந்தாலும் நல்லா இரு," என்றார்.

சிவசங்கரி அவரைப் பார்த்தாள். பிறகு பஞ்சாட்சரத்தின் பக்கம் திரும்பினாள்.

"எந்தக் கதவை வேணாலும் தட்டலாங்களா சார்?"

"தாராளமா! கூச்சப்படாம சொல்லு. லைவ் ஓடிக்கிட்டிருக்குது, ஊரே பாக்குது."

அவள் கண்ணாடித் தகட்டை மேலே தூக்கிவிட்டு, மாஸ்க்கைக் கீழே இறக்கினாள்.

"அப்ப மொதல்ல உங்க மாடி வூட்டுப் பூட்டைத் தொறங்க சார். கொரோனா கொண்டாந்துடுவேன்னு நீங்க என்னைத் துரத்துன அன்னிக்குத் தொவைச்சுப் போட்ட யூனிஃபார்ம், இன்னும் உங்க மொட்டைமாடிக் கொடியிலதான் காயுது."