ரோமுக்கு முன் கொட்டாஞ்சேனை

தேவாலய வாசலில் இருந்த தீர்த்தத் தொட்டியில் மூன்று விரல்களை நனைத்த அந்த இளைஞன், அவற்றை நெற்றியில் குறுக்காக, நீளமாக இழுத்தான். திருநீறு பூசிப் பழகிய கை.

வழிகாட்டி புஷ்பராஜ் அதைப் பார்த்துவிட்டான். காலையிலிருந்து ஒவ்வொரு ஆலய வாசலிலும் எல்லோரும் அவனையே முன்னால் போகவிட்டு மரியாதையாகப் பின்தங்கி நின்றார்கள். எண்ணிக்கை சரியா என்று பார்க்கத் திரும்பியதில்தான் இது கண்ணில் பட்டது.

ஒக்டோபரில் ரோமுக்குப் போகும் யாத்திரைக் குழு அது. வெள்ளவத்தையிலிருந்து ஒரு வான் வண்டி நிறைய வந்திருந்தது. கொட்டாஞ்சேனையின் பழைய ஆலயங்களை ஒரு நாள் சுற்றிக்காட்டிவிட்டு, எல்லோரும் உண்மையான யாத்திரிகர்தான் என்று வழிகாட்டி சொன்னால்தான் பாஸ்போர்ட்டுகள் விசாவுக்குப் போகும்.

“ஒரு ஆள் அங்கயே நின்டுட்டாலும் நம்ம ஒஃபிஸுக்குப் பூட்டுத்தான்,” என்று முதலாளி நிரோஷன் காலையிலேயே எச்சரித்திருந்தார். “ஒரு ஆள் குறைஞ்சா குரூப் விசாவும் இல்ல, டூரும் இல்ல. கண்ணத் தொறந்து வச்சுக்கோ.”

புஷ்பராஜ் ரோமைப் பார்த்ததில்லை. கிராண்ட்பாஸில் ஜன்னலில்லாத அறையில் படுத்துக்கொண்டு, பூமிக்கடியில் இருக்கும் அந்தப் பழைய கல்லறைகளின் படங்களைப் பார்த்துப் பார்த்து, எந்தச் சுரங்கம் எங்கே திரும்பும் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தான். குழுவோடு ரோமுக்குப் போகும் வழிகாட்டியின் இருக்கை இப்போதுதான் முதல் தடவையாக அவனுக்கு வாய்த்திருந்தது.

எல்லோரும் வாங்குகளில் அமர்ந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“ரோமில நாம முதல்ல மண்ணுக்குக் கீழதான் இறங்கப் போறோம். ஆதிக் கிறிஸ்தவங்களப் புதைச்ச இடம். அந்தக் காலத்துல கிறிஸ்து வேதத்துல இருக்கிறேன்னு வெளிய சொன்னா உயிர் போயிடும். சுவர்ல ஒரு மீனக் கீறி வச்சா நம்ம ஆள்னு அர்த்தம்.”

“அப்ப அவையும் தாங்கள் ஆரெண்டதை மறைச்சுத்தான் திரிஞ்சவையோ, அண்ணை?” என்று கேட்டான் அந்த இளைஞன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. முன் வாங்கில் அருந்ததி அன்ரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்தில் செபமாலை. வரும்போது வானுக்குள் யாரோ சினிமாப் பாட்டுப் போட்டபோது, “யாத்திரை எண்டா ஒரு ஒழுங்கு வேணும்” என்று நிறுத்தியவர். நிரோஷனின் நம்பரையும் கேட்டு வாங்கி வைத்திருந்தார்.

செபிக்கச் சொல்லிவிட்டு, புஷ்பராஜ் அந்த இளைஞனைத் தூணுக்குப் பின்னால் அழைத்துப் போனான். லவன் என்ற அவனுடைய பெயர் அதுவரை புஷ்பராஜை உறுத்தவில்லை. கத்தோலிக்கனான தன் பெயரே புஷ்பராஜ்தானே.

“தம்பி, நீங்க எந்தக் கோயில் பங்கு?”

“கொட்டாஞ்சேனை.”

“இதுதான் கொட்டாஞ்சேனை. நான் ஞானஸ்நானம் எடுத்த கோயில். உங்கள ஒரு பூசையிலயும் கண்டதில்லையே?”

லவன் நிலத்தைப் பார்த்தான். “நாங்கள் சைவக்காரர், அண்ணை.”

“ரோமில இருந்து திரும்பி வருவீங்களா?”

“மனுசி மிலானில. பிள்ளை பிறந்ததுக்கு நான் இன்னும் ஒருக்காலும் தூக்கேல்லை. போனுக்குள்ள இருக்கிற ஆள்தான் அப்பா எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறாள். எத்தினை தரம் விசா கேட்டும் இல்லையெண்டிட்டாங்கள்.”

“என் வயித்துல அடிக்கப் பாக்கிறீங்களே!”

“தெரியும், அண்ணை.”

அந்தப் பதில்தான் புஷ்பராஜை அடித்துப்போட்டது. கோபப்படக்கூட வழியில்லை. சொன்னால் அவனுடைய ரோம் போய்விடும். சொல்லாவிட்டால் இவனோடு சேர்ந்து அவனும் கள்ளன்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. நிரோஷன்.

“எப்படி மல்லி? ஆக்கள் எல்லாம் சரியா?” மல்லி, அய்யே என்று சிங்களத்தில்தான் அவர்கள் தம்பி, அண்ணன் முறை சொல்லிக்கொள்வார்கள்.

புஷ்பராஜ் பீடத்தைப் பார்த்தான். பிறகு லவனைப் பார்த்தான்.

“எல்லாம் சரி, அய்யே. நல்ல பக்தியான ஆக்கள்.”

“அப்ப பாஸ்போர்ட்ட இப்பவே அனுப்புறேன்.”

போனை வைத்தவன் லவனின் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினான். “விசாவுக்குப் போற இடத்துல சிலுவை போடச் சொன்னா என்ன பண்ணுவீங்க? பாருங்க. நெத்தி. நெஞ்சு. இடது தோள். வலது தோள்.”

லவன் நெற்றியைத் தொட்டான், நெஞ்சைத் தொட்டான், பிறகு பழக்கதோஷத்தில் இரண்டு கையாலும் தலையில் குட்டிக்கொண்டான்.

“குட்டாதீங்க! பிள்ளையார் வீட்ட இருக்கட்டும்.”

பின்னால் செருப்பில்லாத கால்களின் சத்தம் கேட்டது. திரும்பினான். கையில் போனுடன் அருந்ததி அன்ரி நின்றார். அவருக்குப் பின்னால், வாங்குகளில் இருந்த அத்தனை பேரும்.

“எல்லாம் கேட்டுக்கொண்டுதான் நிண்டனாங்கள்,” என்றார்.

புஷ்பராஜ் லவனுக்கு முன்னால் வந்து நின்றான். “அன்ரி... பாவம் அந்தப் பிள்ள. இவர் ஒருத்தர்தான். நிரோஷனுக்கு மட்டும் சொல்லிடாதீங்க.”

அவர் தூணுக்கு அப்பால் எட்டிப் பார்த்தார். வேறு எவரும் இல்லை என்று தெரிந்ததும் போனைக் கைப்பைக்குள் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு புஷ்பராஜிடம் சொன்னார்:

“தம்பி, இன்னொருக்கா மெதுவாச் செய்து காட்டுங்கோ. பின்னால நிண்ட எங்களுக்கு வடிவாத் தெரியேல்லை.”