கழுத்துக்கு வைத்தியம்

"என் கழுத்துல தையல் போட்ட இடமே இன்னும் ஆறலை. நீங்க கிட்டாரோட கழுத்துக்கு வைத்தியம் பாக்கக் கிளம்பிட்டீங்களா?"

அவர் கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"லேசா வளைஞ்சிருக்கு. கம்பியும் மாத்தணும். சும்மா விட்டா வீணாப் போயிடும்."

"வீட்டுல ஒருத்தி வீணாப் போயிட்டா. அது கண்ணுக்குத் தெரியலை."

செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார்.

கல்யாணமானதிலிருந்து அவர் வாசிப்பார், அவள் பாடுவாள். ஓட்டல் மாடியில், சாப்பிட வருகிறவர்களுக்கு சாயங்காலப் பாட்டு. வேறு வாத்தியம் கிடையாது.

கழுத்திலிருந்த கட்டியை எடுத்த டாக்டர், "பேசறதுக்குக் குறை வராது. உச்சத்துல பாடறதை மட்டும் மறந்துடுங்க" என்று, உப்பைக் குறைங்க என்பது போலச் சொல்லிவிட்டார்.

மறக்க முடியுமா? வீட்டுக்கு வந்ததும் அவரை வாசிக்கச் சொல்லிப் பாடிப் பார்த்தாள். சரணத்தில் உச்சிக்கு ஏறுகிற இடத்தில் குரல் பழந்துணி மாதிரிக் கிழிந்தது. மறுநாளும் கிழிந்தது. அதற்கப்புறம் அவள் வாயைத் திறக்கவில்லை. பாத்திரம் கழுவும்போது முணுமுணுப்பதுகூட நின்றுபோயிற்று.

தங்கச்சி போன் செய்தாள். "மாமா என்ன சொல்றார்க்கா?"

"அவருக்கென்ன. கிட்டாரைக் கடையில படுக்க வச்சிருக்கார். தினமும் போய்ப் பாத்துட்டு வர்றார். ஆஸ்பத்திரியில என்னைக்கூட அப்படிப் பாக்கலை."

"புதுசா எவளாவது பாட வர்றாளோ என்னவோ."

தங்கச்சி சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இவளுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஓட்டல்காரர் எத்தனை நாள்தான் மேடையைக் காலியாக வைத்திருப்பார்?

கிட்டார் திரும்பி வந்தது. கம்பிகள் முன்னைவிடத் தடியாக இருந்தன.

"ஒரு தடவை பாடேன்," என்றார்.

"எதுக்கு? ஒப்பாரி கேக்கணும்னு ஆசையா?"

"பாடு."

அவர் விரல்கள் எப்போதும் உட்காருகிற கட்டங்களிலேயே உட்கார்ந்தன. அந்தக் கை அவளுக்கு மனப்பாடம். பல்லவி போயிற்று. சரணம் வந்தது. கண்ணை இறுக்கிக்கொண்டு ஏறினாள்.

கிழியவில்லை. உச்சியில் போய் நின்றது குரல்.

பாட்டை முடிக்காமலேயே உட்கார்ந்து அழுதாள். "டாக்டராம் டாக்டர். அந்த ஆளுக்கு என்ன தெரியும் என் தொண்டையைப் பத்தி?"

"அதானே," என்றார் அவர். துணியை எடுத்துக் கிட்டாரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் தூசியே இல்லை.

"சத்தம்தான் ஒரு மாதிரி கனமா இருக்கு. காசைக் கொட்டிக் கெடுத்து வச்சிருக்கீங்க."

"புதுக் கம்பி. போகப் போகப் பழகிடும். ஓட்டல்காரர்கிட்ட நாளைக்கு வர்றோம்னு சொல்லிடவா?"

"சொல்லுங்க. எவ வர்றான்னு நானும் பாக்கறேன்."

துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். அவள் புடவை எடுக்க பீரோவைத் திறந்தாள். அப்போது அவருடைய போன் அடித்தது. கிட்டார் கடைக்காரர்.

"சார் இல்லையாம்மா? ஒண்ணுமில்லை, கம்பி எதுவும் கர்ருன்னு இரையுதான்னு கேக்கத்தான். ரெண்டு கட்டை சுருதி இறக்கியிருக்கோம் பாருங்க. பழைய கம்பியா இருந்தா தொளதொளன்னு ஆடிக் காட்டிக் கொடுத்துடும். அதான் தடிக் கம்பி. அது உட்காருற காடிப் பள்ளத்தை அராவி அகலமாக்கி, கழுத்தையும் திருகி நேராக்கி... மூணு தடவை வாசிச்சுப் பாத்துட்டுத் திருப்பிக் கொடுத்துட்டார்மா. யாரோ பாடறவங்களாம். அதே இடத்துல விரலை வச்சு வாசிச்சா, இறக்கினதே அவங்களுக்குத் தெரியக்கூடாதாம்."

அவள் கை கழுத்துத் தழும்புக்குப் போயிற்று. அவள் குரல் உச்சிக்கு ஏறவேயில்லை. எட்டாத டப்பாவை மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டுக்கு இறக்கி வைத்திருக்கிறார். அவ்வளவுதான்.

"அம்மா, இருக்கீங்களா? அவங்க கண்டுபிடிச்சுட்டாங்களா?"

"இல்லை," என்றாள். போனை வைத்தாள். ஒரு புடவையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். இனி எந்த நாளும் வராது அந்தக் குரல். அது அவருக்கும் தெரிந்திருக்கிறது.

குளியலறைக் கதவு திறந்தது. "போன்ல யாரு?"

"கடைக்காரர். கிட்டார் எப்படி இருக்குன்னு கேட்டார்." புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள். "பழையபடியே இருக்குன்னு சொல்லிட்டேன்."