அந்தமான் செடி

"அப்பா, செடிக்கும் பூஜை லீவு உண்டா?"

விஜயதசமி ஊர்வலக் கூட்டத்தில் ஆறு வயது மஹிமா இப்படிக் கேட்டதும், சிவராமின் வாயருகே போன ஃபுச்கா பூரி புளித்தண்ணீரோடு சட்டையில் கொட்டியது.

லேக் கார்டன்ஸில் அவன் வேலை பார்க்கும் தாவர ஆய்வு மையத்தின் கண்ணாடிக் கூடத்தில் ஒரு தொட்டி இருந்தது. அதில் நின்ற புதர்ச்செடி, பதினெட்டு வருடங்களுக்கு முன் மையத்தின் ஆய்வாளராக இருந்த விஸ்வநாதன் அந்தமான் காட்டிலிருந்து கொண்டுவந்தது. நாட்டிலேயே இந்த ஒன்றுதான் என்றது பெயர்ப்பலகை. இதை ஆராய்ந்து இதுவரை நான்கு பேர் டாக்டர் பட்டம் வாங்கியிருந்தார்கள்.

தினமும் அதற்குத் தண்ணீர் ஊற்றுபவர் தோட்டக்காரர் ஹரிபதா. "பூஜைக்கு ஊருக்குப் போயிட்டு வாங்க அண்ணா, நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பிவைத்தவன் சிவராம். பிறகு அடியோடு மறந்துபோனான்.

ஓடிப்போய்ப் பார்த்தான். பூட்டிய கூடத்தின் எட்டு நாள் வெக்கையில் செடி சருகாகியிருந்தது.

ஹரிபதா தினக்கூலி. செடி போனால் முதலில் அவர் வேலை போகும். என்ன நடந்தது என்ற விசாரணையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சிவராம் செல்போனில் செடியின் பழைய படத்தோடு கரியாஹாட் நடைபாதைக் கடைகளுக்கு விரைந்தான். "இலை ஓரத்துல ரம்பம் மாதிரி பல் இருக்கும், அடியில வெள்ளைப் பூச்சு..." என்று அவன் விளக்கி முடிப்பதற்குள், செடிக்கடைக்காரர் பின்னால் கையைக் காட்டினார்.

"இதுதானே? எண்பது ரூபா. கழுத்துல ஆபீஸ் அட்டை மாட்டின பாபுங்கதான் இதைக் கேட்டு வருவாங்க. வேற யாரும் சீந்தறதில்லை."

செடி அச்சு அசலாக அப்படியே இருந்தது. வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் காளி கோயில் வாசலில் நின்று, "என் பொய்க்குத் துணை வராதே தாயே, ஹரிபதாவுக்கு மட்டும் துணை இரு" என்று வேண்டிக்கொண்டான். காய்ந்ததைப் பிடுங்கிவிட்டு இதைத் தொட்டியில் நட்டான்.

அலுவலகம் திறந்த அன்றே, ஓய்வுபெற்ற விஸ்வநாதன் சந்தேஷ் இனிப்புப் பெட்டியுடன், விஜயதசமிக்கான பிஜோயா வாழ்த்துச் சொல்ல வந்துவிட்டார்.

"சார், உங்க குழந்தையைப் பாருங்க! பத்து நாள்ல எப்படித் துளிர்விட்டிருக்கு! எல்லாம் நம்ம புது நீர்ப்பாசன முறைதான். கட்டுரையே எழுதிட்டிருக்கேன்" என்றார் இயக்குநர்.

விஸ்வநாதன் பூதக்கண்ணாடியை எடுத்தார். இலையைத் திருப்பிப் பார்த்தார், தண்டை முகர்ந்தார், மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். மூலையில் ஹரிபதா தலைகுனிந்து நின்றார்.

"அதே செடிதான். சந்தேகமே இல்லை!"

கைதட்டல் ஓய்ந்தது. இயக்குநர் தலைமையில் எல்லோரும் சந்தேஷை நோக்கிப் போனார்கள், ஹரிபதா வாளியோடு வெளியேறினார்.

தனியாக நின்ற விஸ்வநாதனிடம் சிவராம் கைகூப்பினான். "சார், மன்னிக்கணும். நீங்க கொண்டுவந்தது காஞ்சு போச்சு. தப்பு என்னோடது, ஹரிபதாவை ஒண்ணும் பண்ணிடாதீங்க. இது கரியாஹாட்ல..."

"மெதுவாப் பேசுப்பா" என்று சுற்றிலும் பார்த்தார் விஸ்வநாதன். "நான் கொண்டுவந்தது கிடர்பூர் துறைமுகத்துல கப்பலை விட்டு எறங்கறதுக்குள்ளயே செத்துப்போச்சு. வேலை போயிடும்னு தொட்டியைக் கட்டிண்டு அழுதேன். அன்னிக்கு ஒருத்தர் காப்பாத்தினார். இன்னிக்குத்தான் அவருக்குக் கைம்மாறு செய்ய முடிஞ்சுது."

"யார் சார் அவர்?"

கண்ணாடிச் சுவருக்கு வெளியே வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஹரிபதாவை விஸ்வநாதன் கண்ணால் காட்டினார்.

"என்னைக் கரியாஹாட்டுக்குக் கூட்டிண்டு போனதே அவர்தாம்ப்பா."